சேராத ரத்தம்

சூப்பர்வைசரின் கால் எந்திரத்தில் சிக்கி, ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்தது. டிரைவரும் வாட்ச்மேனும் அவரை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

"இவருக்கு என்ன குரூப்?" என்று கேட்டார் நர்ஸ்.

"பி" என்றார் டிரைவர். "எங்கம்மா ஆபரேஷனுக்கு ஏ குரூப் கேட்டப்போ, தனக்கு பியாச்சேன்னு அழாத குறையா சொன்னாரு."

வாட்ச்மேன் திகைத்தார். "ஏபி இல்ல? என் சம்சாரம் பிரசவத்துல, நான் குடுத்தது பத்தலன்னு இவர்கிட்டதான் ஓடினேன். ஏபி, சேராதுன்னு கையை விரிச்சிட்டாரே!"

நர்ஸ் சோதித்துவிட்டு வந்தார். "ரெண்டும் இல்ல, ஓ நெகட்டிவ். இவர் ரத்தம் எல்லாருக்கும் சேரும். ஆனா இவருக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் சேரும். எங்ககிட்ட இப்ப இருப்பு இல்ல. உங்கள்ல யாருக்காவது அந்த குரூப் உண்டா?"

டிரைவர் பல்லைக் கடித்தார். "எனக்கு நிஜமாவே பி."

வாட்ச்மேன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"எனக்கு ஓ நெகட்டிவ்தாம்மா. ஏபின்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. ஆனா அந்தப் பொய்யை இவரு ஏற்கெனவே சொல்லிட்டாரே!"