வாசலோரப் படம்

பூருல் அக்காவுக்கு,

உங்கள் கணவர் மொல்தோபெக் வரைந்த விருந்துப் படத்தைத் திருப்பிக் கேட்டிருந்தீர்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அதை அவர் எங்கள் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்த அன்று, இயக்குநர் கெரிம்பூபு அவருக்குக் கிண்ணம் தளும்பத் தேநீர் ஊற்றினார். நம்மில் அதற்கு ‘எழுந்து போ’ என்றுதானே பொருள். அவர் ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்துவிட்டுப் போனார்.

அகாதெமியில் படித்தவர்களின் ஓவியங்கள் வாசலுக்கு எதிர்ச்சுவரில், நம் விருந்துகளில் பெரியவர்கள் அமரும் பக்கம் இருக்கும். பல்மருத்துவர், கசாப்புக்காரர், பேருந்து ஓட்டிய உங்கள் கணவர் போன்றோர் வரைந்தவை வாசலோரம். அவரை அடக்கம் செய்த மறுநாள் காலை, அவர் படம் எதிர்ச்சுவரின் நடுவில் இருந்தது. பழைய இடத்தில் மாட்டினேன். தொடர்ந்து நான்கு நாள் இதே கதை.

“சாவி உன்கிட்டதானே இருக்கு? செத்த டிரைவர் உனக்கு மாமனா, மச்சானா? நாளைக்கும் அங்க இருந்தா உனக்கு வேலை இல்ல,” என்றார் கெரிம்பூபு.

“அப்போ சாவிய நீங்களே வச்சுக்குங்க மேடம்.”

வாங்கிக்கொண்டார். படத்தைச் சட்டத்தோடு, கூடத்தைச் சூடாக்கும் அடுப்பில் போட்டு எரித்தார்.

“இப்ப நடந்து வரட்டும்.”

இன்று காலை கதவைத் திறந்தவரும் அவர்தான். படம் எதிர்ச்சுவரில் இருந்தது. அதில் உங்கள் கணவர் தன்னை வாசலோரம் வரைந்திருந்தாரே, அந்த இடம் காலி. அவர் மேலே, பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். காலி இடத்தின் முன்னால் தளும்பத் தளும்ப ஒரு கிண்ணம்.

கெரிம்பூபு காலணிகளைக் கழற்றிவிட்டுப் படத்தை நோக்கி நடந்தார். இப்போது அதில் அந்த இடம் காலியாக இல்லை.

படத்தை நான் தொடமாட்டேன். நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு ஜோடி காலணி கிடக்கும், மிதிக்காமல் வாருங்கள்.

இசாக்