நடை பழகிய ஜீப்

‘உர்ர்ர்ர்...’

சத்தம் மட்டும்தான் வந்தது. வண்டியைக் காணோம்.

"கெளம்பிருச்சுய்யா தேரு," என்றான் டீக்கடை சோலைச்சாமி. "சத்தம் வந்திருச்சு. வண்டி ஊருக்குள்ள வர்றதுக்குள்ள நீ ரெண்டு டீ குடிச்சு முடிச்சிரலாம்."

எதிரே தெருக்குழாயில் குடம் வைத்திருந்த ராஜபாண்டியன் பல்லைக் கடித்தான். பொண்டாட்டி அழகுமீனா பட்டாசுக் கம்பெனிக்குப் போவதால், தண்ணி பிடிக்கிற வேலை அவன் தலையில். இருட்டுகிற நேரமாகப் பார்த்துத்தான் குடத்தைத் தொடுவான். ஊர் மானத்தைக் காக்கிறவன் தோளில் குடம் இருந்தால் ஊருக்குத்தான் என்ன மரியாதை?

"அவனவன் வண்டி வேகமாப் போகணும்னு காசைக் கொட்டுறான். இந்தக் கருப்பணன் மெதுவாப் போகணும்னு கொட்டியிருக்கான்," சோலைச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "நாலு சக்கரமும் இழுக்குற பழைய ஜீப்பு. அதை விருதுநகர் டென்னிஸ் மெக்கானிக்கிட்ட விட்டு, முன்னயும் பின்னயும் கிரவுன் பினியன் பல்சக்கரத்தை மாத்தி, கியரையே எறக்கிட்டான். லிவரை இழுத்துப் போட்டா நடக்குற ஆளு வேகம்தான். கிளட்ச்சை மிதிக்க வேணாம், ஒண்ணும் வேணாம். அதுபாட்டுக்கு ஊரும்."

"மலை ஏறப் போறானாக்கும்?" ராஜபாண்டியன் குழாயடியிலிருந்தே கேட்டான்.

"நம்ம பக்கம் ஏது மலை? பல்லாங்குழி மாதிரி கரிசத்தடம்தான் கெடக்கு."

"மலை இல்லாட்டி என்ன, பொம்பளைக இருக்காகள்ல! கம்பெனி வேன் மெயின்ரோட்டுல எறக்கிவிட்டதுல இருந்து, ஊரு வந்து சேர்ற வரைக்கும் அவுக பின்னாடியே ஊர்றான். உச்சியில ரெண்டு லைட்டு வேற. நல்லாத் தெரியணும்ல? பொண்டாட்டி செத்து இன்னும் வருசம் திரும்பல."

"பாவம்ப்பா. அந்தப் புள்ளையும் வேலை விட்டு இருட்டுல வரையில, அந்தத் தடத்துலதான பாம்பு கடிச்சுச் செத்துச்சு."

"பாவம் பாத்தா மானம் போயிரும்ண்ணே."

மானத்துக்கு ராஜபாண்டியன் ஏற்கெனவே சட்டம் போட்டிருந்தான். இதே டீக்கடையில், நாலு பேர் சாட்சியாக. தெருப் பொம்பளைகள் ரோட்டில் நின்று போன் பேசக் கூடாது. கடையில் டீ குடிக்கக் கூடாது. அடுத்தவன் வண்டியில் ஏறக் கூடாது. கம்பெனி வேனுக்கு மட்டும் விலக்கு. அதில்தானே சனிக்கிழமைச் சம்பளமும் ஏறி வருகிறது.

"எம் பொண்டாட்டியை வேலைய விட்டே நிறுத்திடுறேன்."

"தீவாளி சீசனாச்சேப்பா?"

"சரி... சீசன் முடியட்டும். ஆனா அவன் வண்டி இன்னையோட இந்தத் தடத்துல ஓடக் கூடாது. கண்ணாடியை ஒடைக்கிறேன் பாருங்க."

குடங்களைக் குழாயடியில் அப்படியே விட்டுவிட்டு, போகிற வழியில் வாகாக ஒரு கல்லையும் எடுத்துக்கொண்டான்.

நேற்றுப் பெய்த மழையில் ஓடைத்தடம் உளைச் சேறாகக் கிடந்தது. ஏழெட்டுப் பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ஜீப், அவர்களுடைய நடைக்கு நடை.

"நிப்பாட்டுங்கண்ணே!"

ஜீப் நின்றது. "வாப்பா," என்றார் கருப்பணன்.

"எங்களுக்கெல்லாம் கண்ணு தெரியாதுன்னு நெனச்சீகளோ? வண்டி காலியா வருது. பொம்பளைக சகதியில நடந்து வாராக. நெசமாவே நல்ல எண்ணம் இருந்தா ஏத்திக்கிட்டுல்ல போயிருக்கணும்? பின்னால ஊர்ந்து எதைப் பாக்குறீக?"

கருப்பணன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வியின் அழகில் ராஜபாண்டியனுக்கே புல்லரித்தது. கல்லை ஓங்கினான்.

அழகுமீனா முன்னால் வந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளிப்பொடி மினுங்கியது.

"மொத நாளு, ஏறுங்க தாயின்னுதான் சொன்னாரு. நாங்கதான் மாட்டோம்னோம்."

"ஏன்?"

"ஏன்னா கேக்குறீக? ஏறுனா காலை ஒடிப்பேன்னு சொன்னது யாரு?"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அப்ப வெளிச்சமாவது காட்டுறேன்னு கூடவே வந்தாரு. எங்க நடைக்கு ஓட்டி ஓட்டி, ஒரே வாரத்துல கிளட்ச்சு கருகிப் போச்சு. எங்களுக்கு வண்டியில ஏற உத்தரவு இல்ல. அதான் மனுசன், வண்டியை எங்ககூட நடக்க வச்சிட்டாரு. இப்பவாவது சொல்லுங்க, ஏறவா, வேணாமா?"

ராஜபாண்டியன் ஓங்கிய கல்லை மெல்ல இறக்கினான்.

"அண்ணே," என்றாள் பின்னால் நின்ற கிருபா. "அந்தக் கல்லைச் சும்மா வச்சிருக்காம இந்தக் குழியில போடுங்க. மிதிச்சு நடக்கத் தோதா இருக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். ராஜபாண்டியன் குனிந்து கல்லைக் குழியில் வைத்தான்.

‘உர்ர்ர்ர்...’

பெண்களுக்கும் ஜீப்புக்கும் முன்னால் நடந்தான். தடம் நல்லாத் தெரிந்தது. ஓரமாகக் கிடந்த முள்ளும், அவன் நிழலும்கூடத் தெரிந்தன. அந்த ரெண்டு லைட்டு வெளிச்சத்தில்தான் அவனும் ஊர் வந்து சேர்ந்தான்.

"என்னப்பா, கண்ணாடியை ஒடைச்சிட்டியா?" என்றான் சோலைச்சாமி.

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ராஜபாண்டியன் அதை நகர்த்திவிட்டு, அடுத்த குடத்தை வைத்தான்.