ஒழுகாத கூடு

தூக்கணாங்குருவிக்கு எந்த மழைக்கும் ஒழுகாத கூடு கட்டத் தெரியும், பஞ்சுதான் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத் தோட்டத்திலோ புது யோசனைக்காரர்களுக்கெல்லாம் பஞ்சு கொடுத்தார்கள்.

"உள்ளே இருக்கிற ஒருத்தர் உனக்காக முன்னால நின்னா வெளியாளுக்கும் பஞ்சு உண்டு. ஆனா கூடு உள்ளேதான் தொங்கணும், முன்னால நிக்கிறவர்தான் குடியிருக்கணும்" என்றது வாசல் ஓணான்.

குருவி தோட்டத்துக்குள் இருந்த நத்தையைப் போய்ப் பிடித்தது.

"எனக்கெதுக்குத் தம்பி கூடு? முதுகிலேயே வீடு இருக்கே."

"பேருக்கு நில்லுங்கண்ணே, போதும்."

பஞ்சு வந்தது. குருவி கூட்டை முடித்து, நத்தையைக் குடியேற்றிவிட்டு வெளியே தன் பழைய கூட்டுக்குத் திரும்பியது. அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது.

தொப்பலாக நனைந்த குருவி வேலிமேல் வந்து உட்கார்ந்து ஆவலாகக் கேட்டது: "அண்ணே, ஒழுகுதா?"

"சொட்டுகூட இல்லை தம்பி. வாசல்தான் என் முதுகு ஓட்டை இடிக்குது. அடுத்த தடவை பார்த்துக் கட்டு."