நிற்க வைத்த பாட்டில்

தக்கை முழுசாக வரவில்லை. பாதியில் முறிந்தது. மிச்சம் பொடியாக உதிர்ந்து பாட்டிலுக்குள்ளேயே விழுந்தது.

அவர் கையிலிருந்த பாதியைத் திருப்பிப் பார்த்தார். உலர்ந்த தக்கைதான் இப்படி உதிரும். பாரிஸ் உணவகத்தில் ஒயின் ஊற்றியே தலை நரைத்தவருக்கு அதற்குமேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"டீ வடிகட்டி எடுத்துட்டு வா" என்றார் மனைவியிடம்.

கோகிலா ஓடினாள்.

பாட்டிலின் கழுத்தில் அவள் வைத்த குங்குமம் அவர் விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினை வாங்கிவைத்து அவன் கல்யாணத்தில் திறப்பது பிரான்சில் ஒரு வழக்கம். நல்ல வழக்கமாகப் பட்டது. இது மகன் திருக்காமு பிறந்த வருஷத்து போர்தோ சிவப்பு ஒயின். லீவில் புதுச்சேரிக்கு வந்தபோது கொண்டுவந்து, மர பீரோவின் அடித்தட்டில் படுக்க வைத்தார். கல்யாணம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது, படுத்தேதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அவர் சொல்லிவிட்டுப் போன மற்ற எல்லாவற்றையும் கோகிலா கேட்டாள்.

கல்யாணம் கூடிவரவில்லை. வேலை, அது இது என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பிறகு நோய் வந்தது. போன வாரம் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

இன்று காலையில் திருக்காமுவேதான் கேட்டான்.

"அந்த பாட்டில தொறந்துடலாம்பா."

லீவுக்கு வந்தபோதுகூட அவர் அந்த அடித்தட்டைத் திறந்து பார்த்ததில்லை. இப்போது பீரோவைத் திறந்தால், பாட்டில் நின்றுகொண்டிருந்தது.

"புள்ள பேருல வச்சது. அத கெடத்திப் போட எனக்கு மனசு வரல" என்றாள் கோகிலா. "நீங்க கெளம்பிப் போன அன்னிக்கே நிமித்தி வச்சிட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைத்திருக்கிறாள்.

படுத்திருந்தால் ஒயின் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும். நின்றால் தக்கை காயும். காய்ந்தால் காற்று நுழையும். புதுச்சேரி வெயிலும் கூடச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கோகிலா வடிகட்டியோடு கட்டிலருகே வந்தாள்.

வடிகட்டி வழியாகக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றினார். வெள்ளைத் துணிக்கு நேராகச் சாய்த்து நிறம் பார்ப்பதுதான் முறை. மகனின் கால்மேல் கிடந்த வெள்ளைப் போர்வைக்கு நேராகச் சாய்த்தார். போர்வைக்கு அடியில் கால் இருக்கிற மேடே தெரியவில்லை.

நன்றாக முதிர்ந்த ஒயின் ஓரத்தில் செங்கல் நிறம் கொள்ளும்.

இது புளித்தண்ணீர் மாதிரி இருந்தது.

முகர்ந்தார். ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போலத்தான்.

ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினார். புளித்துக் காடியாகிவிட்டது. சந்தேகமே இல்லை. சுவைத்துவிட்டுத் துப்புவது தொழில் பழக்கம். விழுங்கினார்.

உணவகத்தில் இப்படி ஒன்று வாய்த்தால், முகத்தில் எதையும் காட்டாமல் எடுத்துப்போய்விடுவார். மன்னிப்புக் கேட்டு வேறு பாட்டில் கொண்டுவருவார். கெட்டுப்போனதை அவர் ஒருநாளும் யாருக்கும் ஊற்றியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

இங்கே வேறு பாட்டில் கிடையாது.

இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிப்பா இருக்கு?"

"காஞ்ச திராட்ச வாசன" என்றார். "கொஞ்சம் பொகையில. கடைசியில, மழ பேஞ்ச மண்ணு."

மேசை மேசையாகச் சொல்லிப் பழகிய வாய். அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது.

மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து திருக்காமுவின் நாக்கில் எதுவும் தங்குவதில்லை. ரசமும் வெந்நீரும் ஒன்றுதான் என்பான். அந்த மட்டும் நல்லது, இவனுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை என்று நினைத்தார். நினைத்த மறுகணம் தம்மீதே அருவருப்பாக இருந்தது.

கோப்பையை மகனின் உதட்டில் வைத்துச் சாய்த்தார்.

திருக்காமு ஒரு வாய் குடித்தான். ஒரு கண் சுருங்கியது. மாங்காயைக் கடித்தவன் மாதிரி தோளைக் குலுக்கினான்.

"புளிக்குதுப்பா."

அவர் கோப்பையை எடுக்கப் போனார். அவன் விடவில்லை.

"எனக்கு ருசி தெரியுதுப்பா" என்றான். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கெட்டுப்போன ஒயினை ஒரு மனிதனுக்குக் கோப்பை நிறைய ஊற்றினார். மகன் கண்ணை மூடி மூடிக் குடித்தான். அதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

அதற்குள் களைத்துப்போனான். இருவரும் சேர்ந்து அவனைப் படுக்க வைத்தார்கள். கனமே இல்லை.

கோகிலா ஒயின் மிச்சமிருந்த பாட்டிலின் வாயில் துணியைச் சுருட்டி அடைத்தாள். பீரோவருகே போனவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, ஒயின்னா புளிக்குமா?"

"பழசானா புளிக்கும். நல்ல ஒயின்னா அப்படித்தான்."

அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. பாட்டிலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"நெசத்தச் சொல்லுங்க. நீங்க சொன்ன மாதிரி படுக்க வச்சிருக்கணுமோ? இப்பவாவது வச்சிடவா?"

அவர் கட்டிலைப் பார்த்தார். மகனின் மார்மேல் போர்வை இறங்கியது. மறுபடி ஏறுகிறதா என்று காத்திருந்தார். ஏறியது.

"வேணாம்" என்றார். "நிக்கட்டும்."