பின்பாட்டு

குளக்கரையில் இசை நாடகம் போடும் கம்பெனிக்கு ஓணான் மேனேஜராக வந்தது. வந்ததும் எதையாவது வெட்டினால்தான் மேனேஜர் என்று அதற்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ராஜா வேஷக்காரத் தவளை ஒரு வரி பாடி நிறுத்தும். பின்னால் நிற்கும் சில்வண்டுகள் அதே வரியைத் திரும்பப் பாடும்.

"பாடினதையே எதுக்குத் திரும்பப் பாடணும்?" என்று சில்வண்டுகளை ஓணான் நிறுத்திவிட்டது.

தவளை பதறியது. "ஐயா, அவங்க பாடுறப்பதான் நான் மூச்சு வாங்குவேன்."

"அதையெல்லாம் வீட்டிலேயே முடிச்சிட்டு வரணும்."

அடுத்த ஆட்டத்தில் பாதிப் பாட்டிலேயே தவளைக்கு மூச்சு முட்டி இருமல் வந்தது. ஓணான் யோசித்து, நீளமான பாட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டது. பாடாத ராஜாவைப் பார்க்க யார் வருவார்கள்? கூட்டம் வருவது நின்றது. கூட்டமே இல்லாதபோது ராஜா எதற்கு என்று தவளையையும் ஓணான் வீட்டுக்கு அனுப்பியது.

வெளியூர் போயிருந்த முதலாளி ஆமை திரும்பி வந்து, காலி மேடைக்கு முன்னால் நின்றது.

"கம்பெனி எப்படிப்பா போகுது?"

ஓணான் பெருமையாகத் தலையை ஆட்டியது.

"நீங்களே கேளுங்க முதலாளி. ஒரு இருமல் சத்தம் இருக்கா?"