பதினேழாம் எண்

'ஜூன் 9, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. பதினேழாம் எண்ணுக்கு இரண்டு பேர் "உள்ளேன்" சொல்லிவிட்டார்கள். முறைப் பட்டியலை நான் சரியாகப் போடவில்லை.'

வேலைக்குப் போகிறவர்கள் படிக்கும் மாலை வகுப்பில் வருகைப் பதிவேட்டுக்கு 'ஸ்கேல்' பொறுப்பு. எதை எழுதினாலும் முதலில் கோடு போட்டுக்கொள்வாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

பதினேழாம் எண், பக்கத்து ராணுவ முகாமிலிருந்து வந்து படித்த இளைஞன். வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கரையேற்றப் போனவன், பிணமாகத்தான் திரும்பினான். மறுநாள் பழக்கதோஷத்தில் ஸ்கேல் அவன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டாள். 'வரவில்லை' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வெல்டர் அண்ணன்தான் "உள்ளேன்" என்றார்.

மூன்று மாதமாக ஆளுக்கொரு நாள் முறைவைத்து அவனுக்காகக் குரல் கொடுக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது வாரம் இரண்டு நாள் மட்டம் போட்டவன், இப்போது ஒரு நாள்கூடத் தவறுவதில்லை.

இன்று ஆய்வாளர் வருவதாகத் தகவல். விஷயம் தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார். ஏழு மணிக்கு, பழுப்பு உறை ஒன்றை அக்குளில் இடுக்கியபடி ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். ஆய்வாளர்தான் என்று நினைத்த ஸ்கேல், வருகை எடுப்பதைத் தொடர்ந்தாள்.

"பதினேழு!"

"உள்ளேன்!" வெல்டரும் தையல்கார அக்காவும் ஆளுக்கொரு மூலையிலிருந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ரெண்டு குரல் கேக்குது, ஆளைக் காணோமே?" என்றபடி பெரியவர் உள்ளே வந்தார்.

"இப்பத்தான் சார் தண்ணி குடிக்கப் போனான்," என்றார் வெல்டர்.

"பல்லுவலி சார், படுத்திருக்கான்," என்றாள் அக்கா.

"பல்லுவலிக்குத்தான்க்கா தண்ணி!" வெல்டர் அவளை முறைத்தார். "அப்படியே டீக்கடைக்கும் போயிருப்பான் சார். ரெண்டு டீ உள்ள போகாம வரமாட்டான்."

"மூணு," என்று முணுமுணுத்தார் பெரியவர்.

பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். பதினேழாம் வரியை விட்டு அவர் விரல் நகரவே இல்லை.

"மூணு மாசமா ஒரு நாள்கூட லீவு இல்லியா? நல்லாப் படிக்கிறானா?"

"கணக்குதான் சார் ஏறாது," என்றாள் அக்கா. "ஆனா எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பான். தப்புத்தப்பா!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஸ்கேலால் அதற்கு மேல் முடியவில்லை. "அவன் இல்ல சார். போய்ட்டான். நாங்கதான் தினம் ஒருத்தரா முறைவச்சு சொல்றோம். தப்பு என்னோடது. பேரை மட்டும் அடிச்சிடாதீங்க!"

பெரியவர் உறையைப் பிரித்தார். உள்ளே மாலை வகுப்பு முத்திரை குத்திய கணக்குப் புத்தகம். அட்டையில் டீ கிளாஸ் வைத்த கறை, மூன்று வட்டம்.

அதை மேசைமேல் வைத்துவிட்டு, காலியாக இருந்த பெஞ்சு ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். "நாளைக்கு யாரு முறைம்மா?"

அன்றிரவு ஸ்கேல் நாட்குறிப்பில் கோடு போட்டு எழுதினாள்:

'நாளை, புதன். பதினேழாம் எண்ணுக்குக் குரல் கொடுப்பவர்: அவன் அப்பா.'