மன்னிக்க வந்தவள்

நாகலூர் எஸ்டேட் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் நட்சத்திரம் தொங்கியது, தங்கை ஜெசிந்தாவின் வாசலைத் தவிர.

விடிந்தால் கிறிஸ்துமஸ். ஒரு நட்சத்திரம் கட்டக்கூடக் கை வலிக்கிறதாக்கும் மகாராணிக்கு என்று பிலோமினா நினைத்தாள். பிறகு வேறு மாதிரியும் நினைத்தாள். செய்த பாவம் உறுத்துகிறதோ என்னவோ. உறுத்தட்டும்.

கையில் அச்சு முறுக்கு டப்பா. ஓசூரிலிருந்து பஸ் மாறி மாறி, ஒன்றுகூட உடையாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

தானாக வரவில்லை. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார், முதலில் தங்கச்சியோடு சமாதானமாகு, அப்புறம் பூசையில் நன்மை அப்பம் வாங்க வா என்று. இல்லாவிட்டால் இந்த மலையேற அவளுக்கென்ன தலையெழுத்தா?

அம்மா செத்த அன்று பேய் மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பிலோமினா கொண்டை ஊசி வளைவுகளில் நனைந்துகொண்டே நடந்து ஏறினாள். வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடிக் குழியில் இறக்கியிருந்தார்கள். மழை வலுக்கிறதென்று அவசரப்பட்டார்களாம்.

பெற்றவளின் முகத்தை ஒரு தடவை பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. எங்கக்கா வரட்டும் என்று சொல்ல ஜெசிந்தாவுக்கு வாயில்லையா?

அன்றோடு பேச்சு அறுந்தது. மலைமேல் இருக்கும் சொந்தக்காரர் ஒருத்தர் நம்பரையும் பிலோமினா போனில் வைத்துக்கொள்ளவில்லை.

போகட்டும், மன்னிக்கத்தான் வந்திருக்கிறாள். என்ன சொல்வதென்று பஸ்ஸிலேயே யோசித்தாயிற்று. அவளைக் கொஞ்ச நேரம் அழவிட்டு, அப்புறம்தான் சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்த ஜெசிந்தா அழவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"வாங்கக்கா. சாவு உளுந்த ஊடுன்னு இந்த வருசம் எண்ணெச் சட்டி வெக்கலீங்க. பலகாரம் கொண்டாந்து குடுக்க நமக்கு ஆரு இருக்காங்கன்னு நெனச்சேன். நீங்க வந்துட்டீங்க."

பிலோமினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சுவரில் மாலை போட்ட படம். ஜெசிந்தாவின் புருஷன் ஆண்டனி ராஜ், கல்யாணக் கோட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி, எனக்கு ஏன்டி சொல்லல?"

கேட்ட வாய் மூடுவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவின் குழிமேட்டில், அத்தனை சனத்துக்கு முன்னால், ஈர மண்ணை அள்ளித் தங்கையின் மேல் வீசிவிட்டு அவளேதான் கத்தினாள். இனிமேல் உன் ஊட்டுல எழவே உளுந்தாலும் எனக்குச் சொல்லியனுப்பாத.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெசிந்தாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

"வேண்டாம்னீங்க, அதான் சொல்லியனுப்பலீங்கக்கா. ஆனா பொழுது சாயற வரைக்கும் அவரு பெட்டிய மூட உடல. எப்படியாச்சும் கேள்விப்பட்டு வந்துருவீங்கன்னு."